எண்ணெய்க் கிணற்றுச் சேறும் ஒன்றரை லட்சம் ரூபாயும்: விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் வாழ்க்கை

முனிர்கா (புதுடெல்லி): தெற்கு டெல்லியின் முனிர்காவிலும் அதன் சுற்றுவட்டாரமான பேர் சராய், ஜியா சராய் பகுதிகளிலும் சிறிய வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் இளைஞர்களுள் கணிசமானோர் ஒரே தேர்வை நோக்கித் தயாராகி வருபவர்கள். அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் பெயரால், அதாவது சிஎஸ்ஐஆர் பெயரால், நடத்தப்படும் நெட் தேர்வு அது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் அதுவே வாசல். தமிழகத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. அருகிலேயே ஐஐடியும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் இருப்பதால், வழிகாட்டி நூல்களை அடுக்கி வைத்த கடைகளும் பயிற்சி மையங்களும் இப்பகுதியில் பெருகிவிட்டன.

அந்த மன்றத்தை உருவாக்கி, அதன் முதல் தலைமை இயக்குநராக விளங்கியவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவர் பெயரிலான விருது நாட்டின் விஞ்ஞானிகளுக்குப் பல பத்தாண்டுகளாக உயரிய அங்கீகாரமாக இருந்து வருகிறது. தேசிய ஆய்வகங்களைக் கட்டியவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் முன்பாக, பஞ்சாபில் ஓர் எண்ணெய்க் கிணற்றின் அடியில் கெட்டிப்பட்டுப்போன சேற்றை இளக்கியவரும் அவரே. அந்த வேலைக்குக் கிடைத்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பது அவருடைய வாழ்வின் பிற்பகுதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி.

சேறு ஏன் கெட்டிப்பட்டது?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்கிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளுக்குள், பெரும்பாலும் உப்புநீருடனும் வாயுவுடனும் சேர்ந்து, பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தப் பாறையை எட்டுவதற்குத் துளையிடும்போது வெறும் இரும்புத் தண்டு மட்டும் போதாது. களிமண்ணை நீரில் கலந்த குழம்பு ஒன்றைத் தண்டின் உட்புறமாக இடைவிடாமல் கீழே செலுத்துகிறார்கள். அது துளைமுனையைக் குளிர்விக்கிறது. உடைந்த கல்துகள்களைச் சுமந்துகொண்டு வெளிப்புறமாக மேலே ஏறி வருகிறது. துளையின் சுவரில் மெல்லிய பூச்சாகப் படிந்து அது சரியாமல் காக்கிறது. தன் எடையால் கீழுள்ள வாயுவும் எண்ணெயும் சீறிப் பாயாமல் அழுத்திப் பிடிக்கிறது. 1901-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் கிணற்றைத் துளைத்தவர்கள், குட்டை ஒன்றில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டு இந்தச் சேற்றைத் தயாரித்தார்கள் என்று ஒரு கதை எண்ணெய்த் தொழிலில் வழங்கி வருகிறது.

இன்றைய பாகிஸ்தானின் ராவல்பிண்டியை மையமாகக் கொண்டு அட்டாக் ஆயில் கம்பெனி அன்று எண்ணெய் தேடிக்கொண்டிருந்தது. லண்டனைச் சேர்ந்த ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம் அதன் பின்னணியில் இருந்தது. அந்நிலப்பகுதியின் அடியில் உப்புப் படிவுகள் ஏராளம். தெற்கே நிற்கும் மலைத்தொடருக்கே உப்பு மலை என்றுதான் பெயர். துளையிடும் சேறு அந்த உப்பைத் தொட்டவுடன் திரிந்து, இறுகி, நேரம் செல்லச் செல்லக் கல்லாகிவிட்டது. அதற்குமேல் துளையிட முடியவில்லை. இந்தச் சிக்கலோடுதான் 1930-களில் நிறுவனத்தினர் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியராக இருந்த பட்நாகரை நாடினர்.

இயந்திரத்தின் கோளாறாக நிறுவனத்துக்குத் தோன்றியது, கூழ்ம வேதியியல் படித்தவருக்கு வேறாகத் தெரிந்தது. களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். நீரில் அவற்றின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அதனால்தான் குழம்பு ஓடுகிறது. உப்பு கரைந்து அயனிகள் பெருகும்போது அந்த விலக்கு விசையின் வீச்சு சுருங்கிவிடுகிறது. துகள்கள் நெருங்கி, ஒட்டி, திரளாகின்றன. எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அமிலம் செய்கிற வேலையை இங்கே உப்பு செய்கிறது.

பட்நாகர் அதற்குக் கண்ட மருந்து, இந்தியாவில் கிடைக்கும் ஒரு வகைப் பிசின். அதைச் சேற்றில் கலந்தபோது இரண்டு பயன்கள் ஒருசேரக் கிட்டின. குழம்பின் பாகுத்தன்மை குறைந்து அது எளிதாக ஓடியது. உப்பு பட்டாலும் திரியாமல் தாக்குப்பிடித்தது. பிசின் களிமண் துகள்மீது உறைபோலப் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். விளக்குக் கரியில் பிசின் சேர்த்து எழுதுமை காய்ச்சிய நம் முன்னோர், கரித்தூள் அடியில் தங்காதிருக்க இதே உத்தியைத்தான் கையாண்டனர். துளையிடும் பணி மீண்டும் நடந்தது.

பணம் பல்கலைக்கழகத்துக்கு

மகிழ்ந்துபோன நிறுவனம், பெட்ரோலியம் தொடர்பான ஆராய்ச்சிகளுக்காக 1,50,000 ரூபாயை அவரிடம் தர முன்வந்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. பட்நாகர் அதைத் தமக்கெனப் பெறவில்லை. பல்கலைக்கழகத்தின் வழியாகவே பெற்று, அங்கே பெட்ரோலிய ஆராய்ச்சித் துறையை நிறுவினார். இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பணத்தால் வேலை பெற்றனர். மெழுகின் வாடையை நீக்குவது, மண்ணெண்ணெய்ச் சுடரின் உயரத்தைக் கூட்டுவது, தாவர எண்ணெய், கனிம எண்ணெய் ஆலைகளின் கழிவுகளைப் பயன்படுத்துவது என ஆய்வுகள் விரிந்தன. பலனைக் கண்ட நிறுவனம் நிதியையும் உயர்த்தி, 5 ஆண்டுத் திட்டத்தை 10 ஆண்டுகளாக நீட்டித்தது.

பிற தொழிலதிபர்களும் அவரை நாடி வந்தனர். அவர்களிடமும் அவர் இதே வழக்கத்தையே கடைப்பிடித்தார். தனிப்பட்ட பணப்பயனை மறுத்து, ஆய்வக வசதிக்கே அதைத் திருப்பினார். இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1934-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பைப் பொதுமக்கள் பார்வையில் அவர் உயர்த்திவிட்டதாகப் பாராட்டினார். இதே சாஹா பின்னாளில் எந்த நிலைப்பாட்டை எடுத்தார் என்பதை நினைவில் கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

தந்தையின்றி வளர்ந்த சிறுவன்

பட்நாகர் 1894 பிப்ரவரி 21 அன்று, ஜீலம் ஆற்றங்கரையிலுள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். அது அன்றைய பஞ்சாபின் ஷாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது தந்தை பரமேஸ்வரி சகாய் காலமானார். தாய்வழிப் பாட்டனார் முன்ஷி பியாரேலால், உத்தரப் பிரதேசத்தின் சிக்கந்தராபாத்தில் இருந்த தம் வீட்டில் பேரனை வளர்த்தார். ரூர்க்கியில் படித்த பொறியாளர் அவர். வீட்டில் கிடந்த கருவிகளைக் கொண்டு பொம்மை இயந்திரங்களும் மின்கலங்களும் நூல் தொலைபேசியும் செய்து பழகிய சிறுவனுக்கு அறிவியலும் இலக்கியமும் ஒருசேரப் பிடித்துப்போயின. 1911-இல், பள்ளிப் பருவம் முடியும் வேளையில், மின்கலத்தின் கரிமின்வாய்க்கு மாற்றாக வெல்லப்பாகையும் கரிப்பொருளையும் அழுத்திச் சூடாக்கிச் செய்யும் முறையை அலகாபாத்தின் லீடர் இதழுக்கு எழுதி அனுப்பினார். அது அச்சேறியது.

லாகூரின் தயாள் சிங் கல்லூரியில் நாடகங்களில் நடித்தார். உருதுவில் நாடகமும் எழுதினார். ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் பட்டமும் 1919-இல் முதுகலைப் பட்டமும் பெற்றபின், தயாள் சிங் அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கப் படையினருக்கே கப்பல்களில் இடம் ஒதுக்கப்பட்டதால் லண்டனிலேயே தங்க நேர்ந்தது. யூனிவர்சிட்டி கல்லூரியில் கூழ்ம வேதியியலில் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டானனிடம் சேர்ந்து, எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களை ஆராய்ந்து 1921-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கப்பலில் இடம் கிடைத்திருந்தால் அவர் டானனிடம் சேர்ந்திருக்க மாட்டார். பஞ்சாபின் சேற்றுக்குக் கூழ்ம மருத்துவம் பார்க்கும் பயிற்சியும் வாய்த்திருக்காது.

நாடு திரும்பிய ஆண்டிலேயே காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தில் இன்றும் பாடப்படும் குலகீதத்தை இயற்றியவர் இந்த வேதியியல் பேராசிரியர்தான். 1924-இல் லாகூருக்குச் சென்று, 1940 வரை பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களின் இயக்குநராகப் பணியாற்றினார். காந்த வேதியியலில் அவருக்கு உலகப் பெயர் கிடைத்தது அங்கேதான். 1928-இல் கே.என். மாத்தூருடன் இணைந்து வடிவமைத்த காந்தக் குறுக்கீட்டுத் தராசை லண்டனின் ஆடம் ஹில்கர் நிறுவனம் தயாரித்து விற்றது. 1943-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

போரும் ஆய்வகங்களும்

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பிரிட்டனிலிருந்து வரவேண்டிய பொருள்கள் தடைபட்டன. இந்தியாவிலேயே தொழில் ஆராய்ச்சிக்கு ஓர் அமைப்பு தேவை என்று வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் விடாது வலியுறுத்தியவர், வர்த்தகத் துறையைக் கவனித்த ஆற்காடு ராமசாமி முதலியார். அதன் விளைவாக 1940-இல் தொழில் ஆராய்ச்சி வாரியம் பிறந்தது. அதை நடத்த லாகூரிலிருந்து பட்நாகர் அழைக்கப்பட்டார். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்கும் முன்மொழிவை 1941 நவம்பரில் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தவரும் முதலியாரே. 1942 செப்டம்பர் 26 அன்று சிஎஸ்ஐஆர் தன்னாட்சி அமைப்பாக உருவெடுத்தது. முனிர்காவில் நெட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் எழுதும் விண்ணப்பத்தின் தொடக்கப்புள்ளி அந்த நாள்தான்.

சுதந்திரத்துக்குப் பின் வேகம் கூடியது. நேருவின் நம்பிக்கையைப் பெற்ற பட்நாகர், நிதிக்கும் நிலத்துக்கும் நாடெங்கும் அலைந்தார். 1950 ஜனவரியில் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகமும் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகமும் திறக்கப்பட்டன. டெல்லி ஆய்வகத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பட்நாகர் காலத்தில் இவ்வாறு 12 தேசிய ஆய்வகங்கள் உருவாயின.

எல்லோரும் கைதட்டவில்லை. இந்தப் பெருக்கத்தைச் சர் சி.வி. ராமன், இயற்பியல் கண்டுபிடிப்புகளுக்குப் பெயரிடும் பாணியில் நேரு–பட்நாகர் விளைவு என்று கேலி செய்தார். மேகநாத் சாஹாவின் எதிர்ப்பு இன்னும் அடிப்படையானது. பல்கலைக்கழகங்களை வறுமையில் விட்டுவிட்டு, மாணவர் இல்லாத தனி ஆய்வகங்களில் அரசு பணத்தைக் கொட்டுவது சரியல்ல என்பது அவரது தரப்பு. லாகூரில் தமக்கு வந்த பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே தந்ததற்காகப் பட்நாகரைப் பாராட்டியவர், டெல்லியில் அவர் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுபோவதாகக் கருதினார். பட்நாகரின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை: தொழிற்சாலைகள் கேட்கும் விடைக்குப் பெரிய கருவிகளும் முழுநேர ஆராய்ச்சியாளர்களும் தேவை, அன்றைய எந்தப் பல்கலைக்கழகமும் தனித்து அதைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆனாலும் கற்பிக்கும் இடம் ஒன்று, ஆராயும் இடம் வேறொன்று என்ற பிரிவு நாட்டில் வேரூன்றியதில் அவரது பங்கை மறுப்பதற்கில்லை. சேற்றுச் சிக்கலைத் தீர்த்தவர் வகுப்பெடுக்கும் பேராசிரியர் என்பதை எண்ணும்போது சாஹாவின் வாதம் கூடுதல் வலுப்பெறுகிறது.

எண்ணெய் எல்லைக்கு அப்பால்

1947-இல் நாடு பிரிந்தபோது பட்நாகர் பிறந்த ஊரும், அவர் வளர்த்த லாகூர் ஆய்வகமும், அவர் சேற்றை இளக்கிய அட்டாக் எண்ணெய் வட்டாரமும் பாகிஸ்தானுக்குச் சென்றன. இந்தியாவின் பங்கில் எஞ்சியது அசாமின் திக்பாய் எண்ணெய் வயல். நாட்டின் தேவைக்கு அது எம்மாத்திரம்?

1951-இல் அமைந்த இயற்கை வளங்கள் மற்றும் அறிவியல் ஆராய்ச்சி அமைச்சகத்தின் செயலராகப் பட்நாகர் பொறுப்பேற்றபோது எண்ணெய் மறுபடியும் அவர் மேசைக்கு வந்தது. இம்முறை வேதியியலாக அல்ல, பேரமாக. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து விற்பதையே விரும்பிய வெளிநாட்டு நிறுவனங்களை, இந்தியாவிலேயே சுத்திகரிப்பு ஆலை கட்டவைக்கும் பேச்சுவார்த்தைகளில் அவர் முன்னின்றார். ஸ்டான்வாக், பர்மா ஷெல் ஆகியவற்றுக்கு மும்பையின் டிராம்பேயிலும் கால்டெக்ஸுக்கு விசாகப்பட்டினத்திலும் ஆலைகள் முடிவாயின. அந்த ஒப்பந்தங்களில் நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட சலுகைகள் மிகையானவை என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. எனினும் அந்நேரத்தில் அரசிடம் எண்ணெய்த் துறை அனுபவமுள்ளவர் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும்.

நிலத்தடி எண்ணெயைச் சொந்தமாகத் தேடும் அரசு அமைப்பான எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், ஓஎன்ஜிசி, 1956-இல்தான் உருவானது. 1960-இல் குஜராத்தின் அங்கலேஷ்வரில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1974-இல் மும்பைக் கடற்பகுதியிலும் எண்ணெய் கிடைத்தது. பின்னர் காவிரிப் படுகையின் நரிமணத்திலும் கிணறுகள் இயங்கின. இவை எதையும் பட்நாகர் காணவில்லை.

கிணறு தோண்டுவதோடு பணி முடிவதில்லை. பாறைக்குள் எண்ணெய் எப்படி நகரும் என்பதை முன்கூட்டியே கணிப்பது இன்று தனித்துறை. அதன் அடித்தளம், 1856-இல் பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி மணலில் நீர் ஊறும் வேகத்துக்கு வகுத்த விதி. நிலத்தடிப் பாறையைக் கணினியில் ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், துளைகளின் அளவு, எண்ணெய், நீர், வாயு ஆகியவற்றின் பங்கு என்ன என்று கணக்கிடுகிறார்கள். அகமதாபாத்தில் இதற்கென்றே ஓஎன்ஜிசியின் எண்ணெய்த்தேக்க ஆய்வு நிறுவனம் செயல்படுகிறது. பட்நாகர் இத்தகைய கணினி மாதிரி எதையும் செய்தவரல்லர். அவர் காலத்தில் அதற்கு வழியும் இல்லை. ஆனால் அந்த மாதிரிகளுக்குள் களிமண் துகள் நுழையும் இடத்தில் அவர் கையாண்ட அதே வேதியியல் எதிர்ப்படுகிறது.

எண்ணெயை வெளியே தள்ளுவதற்காகப் பாறைக்குள் நீரைச் செலுத்துவது வழக்கம். அந்த நீரில் உப்பு வெகுவாகக் குறைந்தால், துளைச்சுவர்களில் ஒட்டியிருந்த களிமண் துகள்கள் விலகி மிதந்து, அடுத்த குறுகலான வழியில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. எண்ணெய் வரத்து சரிகிறது. அட்டாக்கில் உப்பு மிகுந்ததால் வந்த தொல்லை, இங்கே உப்பு குறைவதால் வருகிறது. எனவே எந்த உப்பு, எந்த அளவில் என்பதைப் பாறைத் துண்டுகளில் சோதித்த பிறகே மாதிரியில் எண்களை இடுகிறார்கள். துகளுக்கும் நீருக்கும் உப்புக்கும் இடையிலான இந்தக் கணக்கைத் தவறாகப் போட்டால் கோடிக்கணக்கான ரூபாயில் தோண்டிய கிணறு பயனற்றுப் போகலாம்.

பட்நாகருடைய மனைவி லாஜ்வந்தி 1946-இல் மறைந்தார். பட்நாகர் எழுதிய உருதுக் கவிதைகளின் தொகுப்பு பின்னர் அவரது பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. கல்வித் துறைச் செயலர், பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவர், அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினர் எனப் பொறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. 1954-இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 1955 ஜனவரி 1 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

அவர் நினைவாக நிறுவப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958-இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் கே.எஸ். கிருஷ்ணன்.